ஏழு கிராம்

தராசு சைபருக்கு வர மறுத்தது. காலிக் கிண்ணத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினால் சைபர் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் அதற்கு வேலை, ஆனால் இன்றைக்கு ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று முழித்துக்கொண்டிருந்தது. ஃபேன் காற்று படுகிறது என்று ஜெயக்கொடிக்குத் தெரியும்; ஃபேனை நிறுத்தினால் வியர்வை வழிந்து எண்ணெயில் சொட்டும் என்பதும் தெரியும். நிறுத்தினாள். சைபர் வந்தது. பாதாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய், சோப்புச் செதில் மாதிரி இருக்கும் வெள்ளை மெழுகு, எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் நிறுத்து வைத்தாள். இன்னொரு கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டரும் கிளிசரினும். மொத்தம் எழுநூறு கிராம், ஏழு டப்பா. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கண் மட்டும் ஃபிரிட்ஜ் மேல் கிடந்த போனை விட்டு நகரவில்லை. இப்போது மணி பதினொன்று. காலை ஆறரைக்குக் கார் வைத்து, புருஷன் சௌந்தர பாண்டி தன் அக்காவை, ராஜாமணி மதினியை, மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பத்து மணிக்கு டாக்டர் பார்ப்பார் என்றார்கள். பார்த்து, மதினியின் கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார். பத்து மணி என்றால் பதினொன்று ஆகும், பதினொன்று என்றால் பன்னிரண்டு. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தால் உட்கார வேண்டியதுதான். விருதுநகரில் அடுப்படியில் நின்றுகொண்டு போனை முறைத்தால் மதுரையில் டோக்கன் வேகமாகவா நகரும். அதனால்தான் லோஷன் செய்ய ஆரம்பித்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா உட்கார முடியாமல்தான். அது பொய். எதற்காகச் செய்கிறாள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் அந்த நினைப்பு வந்ததும் தராசைத் துடைக்கத் துணி தேடினாள்.

அகலமான சட்டியில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் இரண்டு கிண்ணங்களையும் இறக்கி, ஒன்றில் தெர்மாமீட்டரைச் செருகினாள். முப்பத்தி நாலு டிகிரி. எழுபது வரும்வரை விட வேண்டும். இரண்டும் எழுபதுக்கு வந்ததும் ஒன்றாக ஊற்றி பிளெண்டரால் அடிக்க வேண்டும். பிறகு ஆற விட வேண்டும். நாற்பதுக்கு இறங்கியதும் இரண்டே இரண்டு பொருள் சேர்க்க வேண்டும்: ஒன்று, கெடாமல் காக்கும் மருந்து, மற்றது, வாசனைத் தைலம். மருந்து ஏழு கிராம், தைலம் முப்பது சொட்டு. சூட்டோடு போட்டால் மருந்து செத்துவிடும், தைலம் பறந்துவிடும். மதுரையில் இரண்டு நாள் லோஷன் வகுப்பு எடுத்த டீச்சரம்மா இதை நாலு தடவை சொன்னார். தண்ணீர் சேர்ந்த எந்தப் பண்டமும் கெடும், எண்ணெய் கெடாது, தண்ணீர்தான் கெடுக்கும், மருந்து போடாத லோஷனும் மறுநாள் சோறும் ஒன்றுதான் என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். ஜெயக்கொடி எழுதிக்கொண்டாள். அடிக்கோடு கூடப் போட்டாள். அந்த நோட்டு இப்போதும் ஷெல்ஃபில்தான் இருக்கிறது. நாற்பத்தெட்டு. அன்றைக்கும் இதே மாதிரிதான் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தை மாதம், மதினி மகளின் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு. பழைய மருந்து பாட்டில் தீர்ந்து, பார்சலில் வந்த புதுப் பாட்டிலை எடுத்து மேடையில் வைத்தாள். பக்கத்தில் மரிக்கொழுந்துத் தைலம். நாற்பது வந்தது. கை முதலில் தைலத்துக்குப் போனது, ஏனென்றால் ஆசை அதில்தான். லோஷன் செய்கிறவளுக்கு அந்த முப்பது சொட்டுதான் பலன், மற்றதெல்லாம் உழைப்பு. சொட்டு விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மதினி. ராஜாமணி மதினி போன் செய்தால் அரை மணிக்குக் குறையாது. வளையல் எந்தக் கலரில் வாங்குவது, ஏழு வகைச் சோற்றில் எள்ளுச் சோறு உண்டா இல்லையா, சம்பந்தி வீட்டில் எத்தனை பேர் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் மூஞ்சியைத் தூக்குவார்கள். எல்லாம் பேசி முடித்து அடுப்படிக்குத் திரும்பினால் வீடு முழுக்க மரிக்கொழுந்து. வாசலில் பூக்காரி கூடையை இறக்கி வைத்த மாதிரி. வாசனை இருக்கிறது, ஆகவே எல்லாம் போட்டாயிற்று என்று மனசு கணக்கை முடித்துவிட்டது. இரண்டும் எப்போதும் ஒன்றாகத்தானே போடுகிறோம். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும். டப்பாவில் அடைத்துச் சீட்டு ஒட்டினாள். மதினி அன்றைக்குப் போன் செய்யாமல் இருந்திருந்தால். ஆமாம், அவர் போன் செய்திருக்கவில்லையென்றால் இதெல்லாம் இல்லை. இந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு நொடி சுகமாக இருக்கிறது, அடுத்த நொடி தன் மூஞ்சியிலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எழுபது. இடுக்கியால் கிண்ணத்தைப் பிடித்துத் தண்ணீரை எண்ணெயில் ஊற்றினாள். இந்த இடம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். மஞ்சளாகக் கிடந்த எண்ணெய் பிளெண்டர் பட்டதும் சட்டென்று பாலாக வெளுக்கும். இன்றைக்கும் வெளுத்தது. பார்க்கத்தான் மனசு வரவில்லை. பிளெண்டர் இரைச்சலுக்குள் போன் மணி அடிக்கிறதோ என்று இரண்டு முறை நிறுத்திக் கேட்டாள். அடிக்கவில்லை. சௌந்தர பாண்டிக்கு லோஷன் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். பருப்பு மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, இறுகிருச்சா என்று கேட்பான். இறுகிவிட்டது என்றால் சந்தோஷப்படுவான். இறுகியதா என்பதுதான் கேள்வி என்று அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள். மூன்று வாரம் கழித்து அடுத்த முறை செய்ய உட்கார்ந்து, அந்தப் புதுப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினால், உள்ளே வெள்ளித் தாள் ஒட்டினபடியே இருந்தது. நகம் கூடப் படாமல். முதலில் புரியவில்லை. கம்பெனிக்காரன் இரண்டு தாள் ஒட்டி அனுப்பிவிட்டான் என்று கூட நினைத்தாள், அவ்வளவு நம்பிக்கை தன்மேல். அப்புறம் புரிந்தது, அன்றைக்கு மருந்தே போடவில்லை. அலமாரியில் தனக்கென்று வைத்திருந்த டப்பாவைத் திறந்தாள். மேலாக மரிக்கொழுந்து மணந்தது, அப்படியே, போட்ட அன்றைக்கு மணந்த மாதிரி. மூடியின் உள்பக்கம் கடுகைவிடச் சிறிதாக மூன்று கறுப்புப் புள்ளி. விரலால் உள்ளே தோண்டினால், வாசனைக்கு அடியில், புளித்த கஞ்சி. அன்றைக்கே, அந்த நிமிஷமே, தெருவில் இறங்கிவிட்டாள். அதைச் சொல்லத்தான் வேண்டும், அவளுக்குச் சாதகமாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. லோஷன் வாங்கியிருந்த ஐந்து வீட்டுக் கதவைத் தட்டி ஐந்து டப்பாவையும் திரும்ப வாங்கினாள். வாசனை சரியாகப் பிடிக்கவில்லை, புதுசு செய்து தருகிறேன் என்றாள். வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்தாலும் கொடுத்தார்கள். ஐந்து டப்பாவும் சாக்கடையில் போயிற்று, தன்னுடையதும் போயிற்று. ஆறு. ஏழாவது நான்கு தெரு தள்ளி, மதினி வீட்டில், அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் இருந்தது. நடந்தால் எட்டு நிமிஷம்.

அறுபத்தொன்று. மரக்கரண்டியால் மெதுவாகக் கிண்டினாள். கிண்டாமல் விட்டால் மேலே ஆடை கட்டும். எட்டு நிமிஷ நடையை அவள் ஏன் நடக்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டாள், இன்னும் ஒருமுறை யோசித்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது நல்ல காரணம் கிடைக்காதா என்று தேடுவாள், கிடைப்பது அதே அசிங்கமான காரணம்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ராஜாமணி மதினி அவள் செய்த எதையும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. கெட்ட மனசு இல்லை, வாய் அப்படி. சாம்பார் வைத்தால் உப்பைத் தேடுவார், கோலம் போட்டால் புள்ளியை எண்ணுவார். லோஷன் ஆரம்பித்த புதிதில், கடையில் கிடைக்கிறதை எதற்குச் சட்டியில் போட்டுக் கிண்டுகிறாய் என்று கேட்டுச் சிரித்தார். அந்த மதினி வளைகாப்பன்று, அத்தனை பெண்களும் உட்கார்ந்திருக்க, அந்த டப்பாவைத் திறந்து ஒரு விரல் எடுத்து மணிக்கட்டில் தேய்த்து மோந்து பார்த்தார். இன்னொரு முறை மோந்தார். பிறகு கையை நீட்டு, கையை நீட்டு என்று சம்பந்தியம்மாவிலிருந்து எல்லோர் கையிலும் பொட்டுப் பொட்டாக வைத்து, இது எங்க தம்பி பொண்டாட்டி செஞ்சது, கடையில கெடைக்காது என்றார். ஜெயக்கொடி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அங்கே யாருமில்லாத இடத்தில், அழுதுவிட்டாள். அந்த டப்பாவைப் போய்த் திருப்பிக் கேட்பதா. தெருவில் சொன்ன பொய் மதினியிடம் செல்லாது. வாசனைக்கு என்ன குறை என்று மூடியைத் திறந்து, மோந்து, தோண்டி, கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தாள். நாளைக்குப் போகலாம் என்று அன்றைக்கு நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். ஒன்றும் ஆகாது, கையில்தானே தடவுவார், என்ன பெரிய விஷமா என்று மூன்றாம் நாள் நினைத்தாள். சர்க்கரை நோய் உள்ள மதினி குதிகால் வெடிப்புக்குத்தான் தினமும் தடவிப் படுக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. தெரியும். மதினியே சொல்லியிருந்தார், ஒன் டப்பா வந்ததுலருந்து கால் பஞ்சா இருக்கு என்று.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மதினி வேண்டுதல் என்று வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தார், மாசி வெயிலில், தார் ரோட்டில். ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரல் ஓரம் சிவந்தது. புதன்கிழமை நீர் கோத்தது. அப்புறம் கறுத்தது. டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்குக் கோயிலுக்கு நடந்தேன் என்று மதினி சொன்னார். அவ்வளவுதான், குடும்பத்துக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. மகள் போனில் திட்டினாள், நான் நிறை மாதமாக இருக்கும்போது இப்படிப் பண்ணிவிட்டாயே என்று. சௌந்தர பாண்டி வீட்டுக்கே போய்த் திட்டினான். எந்தச் சாமி ஒன்ன வெறுங்காலோட வரச் சொன்னது என்று அவன் கத்தும்போது ஜெயக்கொடி பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டு நின்றாள். பதிலுக்குப் பதில் பேசத் தெரிந்த ராஜாமணி மதினி அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தப்புத்தான், தப்புத்தான் என்று காலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஜன்னல் திட்டில் டப்பா இருந்தது. ஜெயக்கொடி டம்ளரை அதற்குப் பக்கத்தில் வைத்தாள், ஒரு சொட்டுக் கூடச் சிந்தாமல் வைத்தாள். அன்றைக்கு டப்பாவை எடுத்து முந்தானைக்குள் சொருகிக்கொண்டு வந்திருக்கலாம். அதற்கும் தைரியம் இல்லை. தார்ச் சூடாகவும் இருக்கலாம் அல்லவா. சர்க்கரைக் கால், ஒரு முள் குத்தினால் போதும் என்று டாக்டரே சொன்னாராமே. எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரால் முடியாது, வகுப்பெடுத்த டீச்சரம்மாவால் முடியாது, சாமியாலும் முடியுமோ என்னவோ. ராத்திரி படுக்கையில் இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். காலையில் அது அறுந்துவிடுகிறது, ஏனென்றால் எதனால் வந்தது என்பதுதான் தெரியாது. லோஷன் கெட்டது பதினேழு நாளாக அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது தெரியும்.

நாற்பத்தொன்பது. லோஷன் கரண்டியில் கனத்தது, தயிர்ப் பதம். இனி வேகமாக ஆறும். இப்போது அந்த நினைப்பைத் தள்ளிவைக்க முடியவில்லை. ஏழு டப்பாவையும் வெந்நீரில் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஐந்து தெருக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க, ஒன்று தனக்கு, ஏழாவதுக்கு வேறு வேலை. அதே டப்பா, அதே மூடி, அதே சீட்டு. அதில் பாதிக்கும் கீழே நிரப்பி, விரலால் தோண்டித் தோண்டி எடுத்த மாதிரி பண்ணி, மூடியைக் கொஞ்சம் தேய்த்து, சாயங்காலம் மதினியைப் பார்க்கப் போகும்போது பையில் கொண்டுபோக வேண்டும். அவர் கண் அசந்த நேரத்தில் திட்டில் இருப்பதை எடுத்து இதை வைத்துவிட வேண்டும். அப்புறம் யார் தோண்டினாலும், யார் மோந்தாலும், நல்ல லோஷன். உலகத்தில் ஒரே ஒரு கெட்ட டப்பா இருந்தது, அது இல்லாமல் போகும். மதினி வெறுங்காலோடு நடந்தார், அதனால் விரல் போயிற்று. அல்லது போகவில்லை. எப்படியிருந்தாலும் அது அவருடைய கால், அவருடைய கோயில். இவ்வளவு நேர்த்தியாக யோசிக்கத் தனக்கு வரும் என்று ஜெயக்கொடிக்குத் தெரியாது. டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கடந்த தடவை பார்த்ததை வைத்துக் கணித்திருந்தாள், இரண்டு விரல்கடை. நாற்பத்தி நாலு. வளைகாப்பு வீட்டில் அழுததும் இதே ஆள்தான், இதுவும் இதே ஆள்தான். மதினி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, கட்டுக்கு வெளியே நாலு விரல் தெரிய, வா ஜெயா உக்காரு என்பார். உட்கார வேண்டும். காபி சாப்பிட வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தூங்கக் காத்திருக்க வேண்டும்.

நாற்பது. மருந்து பாட்டிலை எடுத்துத் தராசின் மேல் சிறு கிண்ணத்தில் ஊற்றினாள். நாலு, ஐந்து, ஆறரை. போன் அடித்தது. சௌந்தர பாண்டியின் பெயர். கை ஃபிரிட்ஜை நோக்கிப் பாதி போய்த் திரும்பியது. ஏழு வரும்வரை ஊற்றினாள். அந்த ஏழு கிராமை லோஷனில் கவிழ்த்து, கிண்ணத்தைக் கரண்டியால் வழித்து, கிண்டினாள், போன் அடிக்க அடிக்கக் கிண்டினாள். அடித்து ஓய்ந்தது. இந்த ஒழுங்கு அன்றைக்கு இருந்திருக்க வேண்டும். பாட்டிலை மூடி ஓரமாக வைத்தபோது மறுபடி அடித்தது. எடுத்தாள். அவன் இல்லை.

"ஜெயா, நான்தான்" என்றார் மதினி. "வெரல எடுக்க வேண்டாமாம். சுத்தம் பண்ணிக் கட்டியிருக்காக. மூணு நாளைக்கு ஒருக்கா வரணுமாம்."

அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லது மதினி என்றாளோ, வேறு ஏதோ சொன்னாளோ. மதினி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஊசி போட்டது, நர்ஸ் பிள்ளை நம்ம அருப்புக்கோட்டைக்காரி என்பது, காரில் வரும்போது கால் தொங்கி வீங்கியது. பின்னால் மருந்துக்கடை வரிசையில் நின்று சௌந்தர பாண்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான், வெறுங்காலோட போனாக சார், சொன்னாக் கேட்டாத்தான, இப்பப் பாருங்க என்று. முன்பின் தெரியாதவனிடம் கூட. மதினி குரலைத் தாழ்த்தினார். "காலைலருந்து இதே பாட்டுத்தான் பாடுறான், பாடட்டும். ஜெயா, ஒன் டப்பா இன்னைக்குத்தான் தீந்துச்சு. டாக்டரு குனிஞ்சு பாப்பாரே, புண்ணு வாடை அடிக்குமேன்னு கூச்சமா இருந்துச்சு. அடியில இருந்ததச் சுத்தமா வழிச்சுச் சுத்தித் தடவிட்டுத்தான் வந்தேன். டப்பாவையும் குப்பையில போட்டாச்சு. இன்னொன்னு செஞ்சு வை, என்ன. அந்த வாசன இல்லேன்னா இந்தக் கால நானே பக்கத்துல வச்சுக்க மாட்டேன்."

டப்பா இல்லை. மாற்ற வேண்டியதில்லை. விரலும் போகவில்லை. பதினேழு நாளாக அவள் வேண்டியதெல்லாம் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது, கையைக் கூட நீட்டாமல். புண்ணுல அதெல்லாம் போடக் கூடாது மதினி என்றாள் ஜெயக்கொடி. அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரும் அதத்தான் சொன்னாரு, தப்புத்தான் என்றார் மதினி. தப்புத்தான். காபி ஆற்றிய அன்று சொன்ன அதே குரலில் சொன்னார். அது ஜெயக்கொடிக்குத் தாங்கவில்லை.

"மதினி, அந்த டப்பா கெட்டுப்போனது" என்றாள். "கெடாம இருக்கப் போடுற மருந்தப் போட மறந்துட்டேன். தெருவுல எல்லார்ட்டயும் திருப்பி வாங்கிட்டேன். ஒங்ககிட்ட மட்டும் கேக்கல."

அந்தப் பக்கம் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். இன்னொரு நம்பர் கூப்பிட்டார்கள்.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்றார் மதினி.

"பதினேழு நாளா."

மதினி மனசுக்குள் எண்ணுகிறார் என்பது இங்கிருந்தே தெரிந்தது. எண்ண வேண்டிய நாட்களை ஜெயக்கொடி அவரோடு சேர்ந்து எண்ணினாள்.

"நான் கோயிலுக்குப் போனதுக்கு முந்தியே" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

"ஆமா மதினி."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். மதினி திட்டவில்லை. பிறகு, "இத நான் அவன்ட்டச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்றார். போன் கை மாறும் சத்தம். கிண்ணத்தில் லோஷன் வெள்ளையாக, வாசனையே இல்லாமல் இறுகிக்கொண்டிருந்தது. தைலப் பாட்டில் மேடையில் மூடியபடி இருந்தது.

"என்ன ஜெயா" என்றான் சௌந்தர பாண்டி, விரல் தப்பித்த சந்தோஷம் குரலில் அப்படியே இருந்தது. "இறுகிருச்சா?"

"மதினியத் திட்டாதீங்க" என்று ஆரம்பித்தாள்.